டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர் போன்ற கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்ற பேச்சு வந்தால், நம் வீடுகளில் முதலில் எழுவது மதிப்பெண் பற்றிய கேள்வி அல்ல. கட்டணம் எவ்வளவு, பேருந்து உண்டா, விடுதி கிடைக்குமா என்பதுதான். இதே புதுக்கோட்டை மண்ணில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை இந்தக் கேள்விகளோடு நாம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1886 இல் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்தை ஊர் தாழ்வாகவே பார்த்தது. பருவமடைந்ததும் பள்ளி நின்றது; வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து சமஸ்தானத்தின் மன்னர் கல்லூரி. ஆண்கள் மட்டுமே படித்த அங்கே அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தவில்லை. இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார்.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1912 இல் மருத்துவரானார். 1927 இல் சென்னை மாகாண சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். தாம் ஏறி வந்த படியை அவர் மறக்கவில்லை. முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி அமையவும், ஒடுக்கப்பட்ட சமூக மாணவியருக்கு உதவித்தொகை கிடைக்கவும் பாடுபட்டார். மகளை வெளியூரில் தங்கவைக்கத் தயங்கும் பெற்றோருக்கு விடுதி என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நமக்குத் தெரியும். 1930 இல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். 1954 இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவரது முயற்சியால் உருவானது. 1968 இல் மறைந்தார்.

அரசு ஒதுக்கும் பணம் கூடினால் ஏழைப் பிள்ளைக்கு வழி அகலும், குறைந்தால் அடைபடும். 2022 இல் இரண்டையும் பார்த்தோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை படித்த மாணவியர் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை ஒன்றிய அரசு நிறுத்தியது.

நிறுத்தப்பட்டதைத் திரும்பக் கேட்பது நம் உரிமை. இருப்பதை விடாமல் பெறுவது நம் கடமை. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒவ்வொரு ஜமாஅத்தும் படித்த இளைஞர்களை அமர்த்தி, விண்ணப்பங்களை நிரப்பித் தரட்டும். பணமில்லை என்பதற்காக நம் மஹல்லாவில் ஒரு பிள்ளையின் படிப்பும் நின்றுவிடக் கூடாது.