இப்னுல் ஹைதம்: பார்வையை ஆராய்ந்த பேரறிஞர்

ஐரோப்பியர் அல்ஹாஸன் என்றழைக்கும் இப்னுல் ஹைதம் அவர்கள் கி.பி. 965-ஆம் ஆண்டளவில் பஸரா நகரில் பிறந்தார்கள். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று அன்னார் கூறியதைக் கேள்வியுற்ற எகிப்தின் ஃபாத்திமீ கலீபா ஹாகிம், அவர்களை அழைத்துப் பொருளும் ஆளும் கொடுத்தனுப்பினார். அஸ்வான் பக்கம் சென்று, வழியெல்லாம் பண்டைய எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டதும், இது ஆகக்கூடிய காரியமாயின் இவர்களே செய்து முடித்திருப்பார்களே என்று உணர்ந்து திரும்பினார்கள். கலீபாவின் கோபத்துக்கு அஞ்சிப் பித்துப் பிடித்தவர் போல் நடித்தார்கள் என்றும், 1021-இல் அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதியுள்ளார்.

பின்னர் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, யூக்ளிட் முதலியோரின் கணித நூல்களை ஆண்டுதோறும் கையால் பிரதி செய்து 150 தீனாருக்கு விற்று ஜீவித்தார்களாம். பேரம் பேசாத ஒரே விலை! வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அன்னாரின் கிதாபுல் மனாளிர் ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற யூக்ளிட், தாலமி ஆகியோரின் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணில் நுழைகிறது என்று நிறுவினார்கள். அதனினும் நம்மை வியக்க வைப்பது இரண்டாம் பாகம். கண் உணர்வது ஒளியையும் நிறத்தையுமே. உருவம், அளவு, தூரம் போன்றவற்றை உள்ளிருக்கும் பகுத்தறியும் சக்தியே கணித்தெடுக்கிறது என்கிறார்கள். இவ்வாறு கண்ணால் அறியப்படும் தன்மைகள் 22 எனக் கணக்கிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் 'அப்ஜத்' என்ற சொல்லைக் கண்டால் அலிஃப், பே என்று கூட்டிப் பார்ப்பதில்லை. முழு வடிவத்தைக் கண்டவுடன் அறிந்து கொள்கிறான் என்பது அன்னார் காட்டும் உதாரணம். மதரஸாவில் எழுத்துக் கூட்டித் திணறிய நாம் இதை நன்கறிவோம்.

இந்த விரைவே ஏமாற்றவும் செய்யும் என்று அந்நூலின் மூன்றாம் பாகம் கூறுகிறது. ஒரு பெருநாள் முன்னிரவில், ஈப்போவில் நமது கடையில் கூட்ட நெரிசலில் வாங்கிய ஐம்பது வெள்ளி நோட்டு கள்ளநோட்டாகி விட்டது. நிறமும் அளவும் பழகியவை. கை கல்லாவில் போட்டு விட்டது. நிதானித்து நோக்கியது மறுநாள் காலையில்தான். தோட்டத்தில் பால் வெட்டிய நமது தகப்பனார் இருந்திருந்தால் விளக்கடியில் பிடித்துப் பார்த்திருப்பார்!

அன்னாரிடமும் பிழையுண்டு. பார்வையுணர்வு தொடங்குமிடம் கண்ணின் பளிங்குப் பகுதி என்று கருதினார்கள். விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறதென்று 1604-இல் கெப்ளர் விளக்கினார். மூளையின் பங்கு வெளிப்பட மேலும் பல நூற்றாண்டுகள் சென்றன. ஹியூபெல், வீஸல் என்ற இருவர் பூனையின் மூளையை ஆராய்ந்து, ஒவ்வொரு வகைச் சாய்வுள்ள கோட்டுக்கும் தனித்தனி அணுக்கள் கிளர்ச்சியுறுவதை 1959-இல் வெளியிட்டு, 1981-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்னுல் ஹைதம் அவர்கள் 1040-ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் காலமானார்கள். அவர்களது நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது.