வீடிழந்தோர்க்கு வீடு சமைக்க முனைந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர்

வெற்றி கண்டோர் சரிதங்களையே மாணவர் விரும்பிப் பயில்வர். தோல்வியையும் ஆசானாகக் கொண்டு உயர்ந்தோர் சரிதமும் பயிலத்தக்கதே. அத்தகையோருள் ஒருவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்னும் கட்டடக் கலைஞர்.

இவர் 1908-ஆம் ஆண்டு பெர்லின் மாநகரில் யூத மரபில் தோன்றினார். பௌதிக அறிஞர் மாக்ஸ் பார்ன் இவர்க்குத் தாய்மாமன். 1933-இல் ஷிங்கெல் பரிசு பெற்றாராயினும், அவ்வாண்டே ஹிட்லர் ஆட்சி தலையெடுக்கவே, பிறந்த நாட்டைத் துறந்தார். எகிப்தில் சில்லாண்டு தங்கிப் பின்னர், 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராயினார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இவர் வகுத்த கட்டடங்கள் உள.

1947-இல் தேசம் பிரிவுற்றபோது, ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்; தில்லி நகர் ஒன்றிலேயே ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் வந்து குவிந்தனர். வீடிழந்து வந்த இவரையே 1948-இல் இந்திய அரசாங்கம் வீடமைப்பு இயக்குநராக நியமித்தது.

குண்டுகளால் அழிந்த நகரங்களையுடைய பிரிட்டன், தொழிற்சாலைகளில் முன்னரே செய்த பகுதிகளைப் பொருத்தி, போருக்குப்பின் 1,56,000-க்கு மேற்பட்ட சிறு வீடுகளை எழுப்பிற்று. ஆடி மாதக் கடைசி வெள்ளித் திருவிழாவுக்கு இருக்கன்குடியில் மூங்கிலும் முடைந்த கீற்றும் வந்திறங்கிப் பந்தலாய் எழுவதைக் கண்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். அம்முறையைத் தழுவித் தில்லியிலும் அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. ஆயின் அங்கு வார்த்த கான்கிரீட்டுப் பலகைகள் விரிசல் கண்டன, செலவும் மிகுந்தது, பாராளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. 1951-இல் அவர் இந்தியாவை விட்டு லண்டன் சென்றார். அத்தொழிற்சாலையோ 1953-இல் கம்பெனியாகத் திருத்தியமைக்கப்பெற்று நிலைபெற்றது.

அவரும் சோர்ந்தாரல்லர். 1954-இல், பின்னர் கானா எனப் பெயர் பெற்ற கோல்டு கோஸ்டு நாட்டிற்கு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய குழுவில் ஒருவராய்ச் சென்றார். அந்நாட்டுக் கிராமத்தார் தம் மண்கொண்டு தாமே சுவரெழுப்ப வல்லர். கூரைக்கும் கதவுக்குமே அவர்க்குப் பொருளில்லை. ஆகவே முழுவீட்டைச் செய்து கொடுத்தலை விடுத்து, கூரைக்கு மட்டும் கடனளித்தல் தகும் என அக்குழுவினர் பரிந்துரைத்தனர். குடியிருப்போரின் கையும் அறிவும் கட்டுமானத்தின் முதற் பொருளாம் என்னும் உண்மை அதில் அடங்கியிருந்தது.

பின்னர் லண்டனில் வெப்பநாட்டுக் கட்டடக் கலையைப் பல நாட்டு மாணவர்க்கும் நெடுங்காலம் கற்பித்து, 1999-இல் காலமானார். அவர் பிறருடன் இயற்றிய வெப்பநாட்டு வீடமைப்பு நூல் நம் நாட்டு மாணவர்க்கும் பாடநூலாயிற்று. வீடு வகுக்கப் புகுவோர், அதில் வாழ்வோர்க்குச் செய்ய வல்லது யாது, வேண்டுவது யாது என முதலிற் கேட்டறிதல் நலம்.