கூச்சத்தை வென்ற பைண்டிங் தொழிலாளி

கையில் தொழில் இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளமும் வருகிறது. ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயம். மேலதிகாரியிடம் ஒரு மனுவை நீட்டும்போதே கை நடுங்குகிறது. சரியாகப் படிக்காமல் போய்விட்டோமே என்ற ஏக்கம் மனதை அரிக்கிறது. இந்தக் குறை உள்ளவர்கள் மைக்கேல் பாரடேயின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சார யுகத்துக்கு வழி திறந்த அந்த மேதைக்கும் ஒரு காலத்தில் இதே குறை இருந்தது. அதை அவர் பிறவி அதிர்ஷ்டத்தால் போக்கிக்கொள்ளவில்லை. வேலை செய்வதுபோல் தினமும் பாடுபட்டுப் போக்கிக்கொண்டார்.

பிழைக்க வந்த குடும்பம்

பாரடேயின் தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். வட இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்தவர். 1791 செப்டம்பர் 22-ந் தேதி, தேம்ஸ் நதிக்குத் தெற்கே நியூவிங்டன் பகுதியில் மைக்கேல் பிறந்தான். நான்கு குழந்தைகளில் அவன் மூன்றாவது.

தந்தைக்கு உடம்பு சுகமில்லை. ஒருநாள் பட்டறைக்குப் போனால் இரண்டு நாள் படுக்கையில் இருப்பார். 1801-ல் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கொடுக்க முடிந்தது. ஏழு நாளும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு சரி. சிறுவயதில் சில எழுத்துகள் அவன் வாயில் சரியாக வராது என்றும், அதற்காக ஆசிரியை அடிக்கப்போக, தாய் மார்கரெட் அவனைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார் என்றும் சொல்வதுண்டு. அது எப்படியானாலும், 13-வது வயதில் அவன் வேலைக்குப் போய்விட்டான் என்பது நிச்சயம்.

அட்டைக்குள்ளே இருந்த உலகம்

பிளான்போர்டு தெருவில் ரீபோ என்பவர் புத்தகக் கடையும் பைண்டிங் பட்டறையும் வைத்திருந்தார். அங்கே பாரடே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். வீடு வீடாகப் பத்திரிகை போட்டுவிட்டு, அவர்கள் படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வர வேண்டும். ஓராண்டு அவனுடைய ஒழுங்கைப் பார்த்த ரீபோ, 1805-ல் பணம் எதுவும் வாங்காமலே அவனைத் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்.

தைப்பதும், பசை தடவுவதும், அட்டை ஒட்டுவதும்தான் வேலை. மற்றவர்களுக்கு அது வெறும் காகிதக் கட்டு. பாரடே மட்டும் பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை வேலை நேரம் முடிந்தபின் படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரக் கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய ரசாயன நூல் அடுத்தபடியாக வந்தது. படித்ததைச் சோதித்துப் பார்க்க, சில்லறைக் காசு கொடுத்துச் சில பொருள்களை வாங்கி, சிறு கருவிகளைத் தானே செய்தான். ரீபோவும் தடுக்கவில்லை. நல்ல முதலாளி கிடைப்பது பாக்கியம்; அந்தப் பாக்கியத்தைப் பாரடே வீணாக்கவில்லை.

அந்த நாட்களில் அவன் கைக்கு வந்த இன்னொரு புத்தகம், ஐசக் வாட்ஸ் என்பவர் எழுதியது. அறிவை வளர்த்துக்கொள்வது எப்படி என்பதே அதன் பொருள். எப்போதும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது, நல்ல சொற்பொழிவுகளைக் கேட்பது, நண்பர்களோடு கடிதம் எழுதிக் கருத்து பரிமாறுவது ஆகிய யோசனைகள் அதில் இருந்தன. பலர் இத்தகைய புத்தகத்தைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். பாரடே அதில் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார்.

ஒரு ஷில்லிங் படிப்பு

1810-ல் டாட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை வேளைகளில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். பாரடேயிடம் காசு இல்லை. கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட் அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். அதே ஆண்டில் தந்தை இறந்தார். தாய் வீட்டில் ஆட்களைக் குடிவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

சொற்பொழிவில் காட்டிய கருவிகளைப் படமாக வரையப் பாரடேக்குத் தெரியவில்லை. ரீபோவின் வீட்டில் ஒரு பிரெஞ்சு ஓவியர் குடியிருந்தார். அவருடைய அறையைப் பெருக்கி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் பாரடே படம் வரையக் கற்றுக்கொண்டார். கற்பதற்காகக் குனிவதை அவர் கேவலமாக நினைக்கவில்லை.

டாட்டம் வீட்டில்தான் அபட் என்ற இளைஞரின் நட்பு கிடைத்தது. அபட் ஒரு குமாஸ்தா. தம்மைவிட நன்றாகப் படித்தவர். பாரடேக்கு இலக்கணம் தகராறு, எழுத்துப்பிழை வரும், மனதில் இருப்பதைக் கோவையாக எழுத வராது. எனவே 1812 முதல் அபட்டுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதிப் பழகினார். ஒரே ஊரில் இருந்தும் கடிதம் எழுதினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதவு திறந்தது

1812-ல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அக்காலத்தில் டேவி பெரும்புகழ் பெற்ற ரசாயன விஞ்ஞானி. பாரடே கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு, வீட்டில் விரிவாக எழுதி, படங்கள் போட்டு, தம் கையாலேயே பைண்டு செய்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்தது. வேறு முதலாளியிடம் பைண்டிங் வேலை கிடைத்தது. அவர் முன்கோபி. விஞ்ஞானத்தில் எந்தக் கீழ்வேலை கிடைத்தாலும் போதும் என்று பாரடே ராயல் சொசைட்டித் தலைவருக்கு மனுப் போட்டார். பதிலே வரவில்லை. மனம் தளர்ந்துவிடாமல், பைண்டு செய்த குறிப்புப் புத்தகத்தோடு டேவிக்கே ஒரு கடிதம் அனுப்பினார். டேவி கூப்பிட்டு அன்பாகப் பேசினார். ஆனால் காலி இடம் இல்லை, பைண்டிங் தொழிலை விட்டுவிட வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

சில வாரங்களில் டேவியின் ஆய்வுக்கூட உதவியாளர் அடிதடியில் ஈடுபட்டு வேலையை இழந்தார். ஒருநாள் இரவு பாரடே படுக்கப்போகும் சமயம், வாசலில் ஒரு கோச்சுவண்டி வந்து நின்றது. டேவியின் கடிதம்! 1813 மார்ச் 1-ந் தேதி வேலை உறுதியாயிற்று. வாரச் சம்பளம் 25 ஷில்லிங். மாடியின் உச்சியில் இரண்டு அறை. கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

அவமானமும் ஒரு பாடம்

அந்த ஆண்டு அக்டோபரில் டேவி தம்பதிகள் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் புறப்பட்டார்கள். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்ததால், அந்த வேலையும் பாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வீட்டு வேலைக்காரனைப் போலவே நடத்தினார். மனம் வெறுத்துத் திரும்பிவிடலாமா என்று பாரடே நினைத்தது உண்டு. ஆனால் டேவியின் அருகில் இருந்தால் கற்கக்கூடியதை எண்ணிப் பார்த்துப் பொறுத்துக்கொண்டார். பாரிசில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் கண்டார். பிரெஞ்சும் இத்தாலிய மொழியும் பழகினார். 1815-ல் திரும்பி வந்தபோது பழைய பைண்டிங் தொழிலாளி எங்கோ போய்விட்டிருந்தார்.

பேசக் கற்றுக்கொண்டது

விஷயம் தெரிந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துச் சொல்லவும் தெரிய வேண்டும் என்பது பாரடேக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. தாம் ஒருமுறைகூட மேடை ஏறுவதற்கு முன்பே, மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். எங்கே கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது, எங்கே கொட்டாவி விடுகிறது, கையை எப்படி அசைக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு மேல் பேசக்கூடாது என்பதையெல்லாம் அபட்டுக்கு எழுதினார்.

1816 ஜனவரியில், சாதாரண இளைஞர்கள் கூடும் ஒரு சங்கத்தில் முதல் சொற்பொழிவு நிகழ்த்தினார். அதோடு நிற்கவில்லை. மக்ராத் என்ற நண்பரோடு வாரந்தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உரக்கப் படித்து, உச்சரிப்பையும் நடையையும் திருத்திக்கொண்டார். ஏழாண்டுகள் இது நடந்தது! இன்னும் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கட்டுரை எழுதிப் படித்து, ஒருவர் குறையை ஒருவர் எடுத்துச் சொன்னார்கள். பேச்சுக்கலை ஆசிரியர் ஸ்மார்ட் என்பவரிடம், சிறிய சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டிப் பாடம் கேட்டார்.

பின்னாளில் புகழ்பெற்ற பேச்சாளர் ஆனபிறகும் வேகமாகப் பேசும் பழக்கம் அவரை விடவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டார். மெதுவாக என்று ஓர் அட்டையில் எழுதி, வேகம் கூடும்போது அதைத் தம் கண்ணில் படும்படி வைக்கும்படி உதவியாளரிடம் சொல்லி வைத்தார். தம் குறையைப் பிறர் சுட்டிக்காட்டுவதை அவர் விரும்பிக் கேட்டுப் பெற்றார். தன்னம்பிக்கைக்கும் தற்பெருமைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

பழி வந்தபோது

1821-ல் மின்சாரத்தைக் கொண்டு ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்றைய மோட்டாருக்கு அதுவே மூலம். ஆனால் புகழோடு பழியும் வந்தது. வல்லஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் யோசனையைத் திருடிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். பாரடே ஓடி ஒளியவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. நேராக வல்லஸ்டனையே சந்தித்து விளக்கினார்.

1823-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, எதிர்த்தவர் வேறு யாருமல்ல, அப்போது அதன் தலைவராக இருந்த டேவிதான்! மனுவைத் திரும்பப் பெறச் சொன்னார். முன்மொழிந்தவர்கள் வேறு பேர் என்பதால் தம்மால் பெற இயலாது என்று பாரடே பணிவோடு மறுத்தார். வாக்கெடுப்பில் எதிராக விழுந்தது ஒன்றே ஒன்று. இத்தனைக்குப் பிறகும், தமக்கு வாழ்வு கொடுத்தவர் டேவி என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

கணக்கு தெரியாத மேதை

மின்சாரத்தால் காந்த சக்தி உண்டாகுமானால், காந்தத்தால் மின்சாரம் உண்டாக வேண்டுமே என்பது அவரைப் பல ஆண்டுகள் உறுத்திய கேள்வி. 1825-ல் செய்த சோதனைகள் பலிக்கவில்லை. 1831 ஆகஸ்ட் 29-ந் தேதி, ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பி சுற்றிச் சோதித்தபோது ஊசி அசைந்தது. அக்டோபரில் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகியும் எடுத்தும் மின்சாரம் பாயச் செய்தார். ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தவை. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் மின்சாரம் எடுத்து, கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அங்கே சுரங்கத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பாரடேயின் பெயர் தெரிந்திருக்காது. அவருடைய உழைப்பின் பலன் அவர்களுக்கும் கிடைத்தது.

இத்தனைக்கும் பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. கண்ணால் கண்டதைப் படமாகக் கற்பனை செய்தார். காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் ஓடுவதாக விளக்கினார். பிறகு மாக்ஸ்வெல் என்ற மேதை அந்தக் கருத்துக்கே கணித உருவம் கொடுத்தார்.

நடுவயதில் ஞாபகசக்தி குறைந்தது. தலைச்சுற்றலும் களைப்பும் சேர்ந்தன. இளமையில் பழகிய குறிப்பேடு அப்போது கைகொடுத்தது. சோதனைகளை எண் போட்டு எழுதிவந்தார். அந்த எண் 16 ஆயிரத்தைத் தாண்டியது.

நிறைவான முடிவு

வாய் திறக்கக் கூசிய அந்த மனிதர், குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 முறை நிகழ்த்தினார். 1855-ல் விக்டோரியா மகாராணியின் கணவர் தம் மகன்களோடு வந்து கேட்டார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் புத்தகமாகி இன்றும் படிக்கப்படுகின்றன.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். பதவி இல்லாமலே தம் மதிப்பு தமக்குத் தெரியும். 1867 ஆகஸ்ட் 25-ந் தேதி அவர் காலமானார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் ஓர் எளிய கல்தான் அவருக்கு நினைவுச்சின்னம்.

பாரடே செய்தவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரு குறிப்பேடு, மனம் விட்டுப் பேசும் ஒரு நண்பர், வாரத்தில் இரண்டு மணி நேரம், குறையைச் சொன்னால் கோபப்படாத குணம், ஒருமுறை பதில் வராவிட்டால் இன்னொரு மனுப் போடும் துணிவு. இவை ஆலைத் தொழிலாளிக்கும் முடியும். ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் முடியும். இன்று மாலை வேலை விட்டு வந்ததும் தொடங்கலாம்.