தீயில் நீண்ட கை

அரசர் ஒருவரின் மணவழக்கு ஒரு நாட்டின் சமயநெறியையே மாற்றியது. அம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர், தாமஸ் கிரான்மர் என்னும் அறிஞர்.

இவர் 1489ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அஸ்லாக்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, அங்கேயே இறையியல் கற்பித்துவந்தார். நூல்களுக்கிடையே அமைதியாகக் கழிந்த அவருடைய வாழ்வை 1529ஆம் ஆண்டு திசைதிருப்பியது.

எட்டாம் ஹென்றி, மறைந்த தம் அண்ணனின் மனைவியான கேத்தரினைப் போப்பாண்டவரின் சிறப்பு இசைவுடன் 1509இல் மணந்திருந்தார். அவர்களுடைய குழந்தைகளுள் மேரி என்னும் மகள் மட்டுமே பிழைத்து வளர்ந்தார். ஆண்வாரிசை நாடிய மன்னர், ஆன் போலினை மணக்க விரும்பினார். அண்ணன் மனைவியை மணந்தது இறைநெறிக்கு மாறானது எனக் கூறி, முதல் மணம் செல்லாதென அறிவிக்குமாறு போப் ஏழாம் கிளெமென்டை வேண்டினார். கேத்தரினோ பேரரசர் ஐந்தாம் சார்லசின் சிற்றன்னை. 1527இல் உரோம் நகரைச் சூறையாடியவை அப்பேரரசரின் படைகளே. அவரைப் பகைக்கப் போப் துணியவில்லை. வழக்கு நீண்டுகொண்டே சென்றது.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் இறையியல் அறிஞர்களிடம் கருத்துக் கேட்கலாம் என்று கிரான்மர் வழிகூறினார். அவ்யோசனை மன்னரைக் கவர்ந்தது. 1533இல் கிரான்மர் கேன்டர்பரிப் பேராயரானார். அவ்வாண்டு மே மாதமே முதல் மணம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு நாடாளுமன்றம் மன்னரையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அறிவித்தது. உரோமுடனான உறவு அறுந்தது.

ஆயினும், ஹென்றி நீக்கியது போப்பின் அதிகாரத்தையே. பழைய வழிபாட்டை அன்று. குருமார் மணம்புரியலாகாது என்னும் 1539ஆம் ஆண்டுச் சட்டத்தால், கிரான்மர் தம் மனைவியை அவருடைய தாயகமான ஜெர்மனிக்கு அனுப்ப நேர்ந்தது. மன்னரின் விருப்பத்திற்கிணங்க, ஆன் போலினின் மணத்தையும் அவரே செல்லாததாக்கினார். அரசருக்குப் பணிவதே இறைவன் வகுத்த கடமை என்று அவர் நம்பினார்.

1547இல் ஹென்றி மறைந்தார். அவருடைய மகன் ஆறாம் எட்வர்டு சிறுவனாக அரியணையேறியபோது, கிரான்மரின் உள்ளக்கருத்துகள் செயல்வடிவம் பெற்றன. இலத்தீனில் நிகழ்ந்த வழிபாட்டை மக்கள்மொழியான ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தார். அவர் பொறுப்பில் உருவான பொது மன்றாட்டு நூல் 1549இல் வெளிவந்தது. பொருள் விளங்காமல் கேட்டுநின்ற எளிய மக்கள், தம் மொழியிலேயே இறைவனை வேண்டலாயினர். 1552இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு, இங்கிலாந்தைப் புராட்டஸ்டண்ட் நெறியில் முழுமையாக நிறுத்தியது.

மறு ஆண்டே எட்வர்டு மறைந்தார். கேத்தரினின் மகள் மேரி அரசியானார். நாட்டை உரோமின் நெறிக்கு மீட்பதே அவருடைய உறுதி. தம் தாயின் மணத்தை முறித்த பேராயர் சிறையிலடைக்கப்பட்டார். அரசருக்குப் பணிவதைக் கடமையாகக் கொண்டிருந்தவர், அரசியே தம் நம்பிக்கையைக் கைவிடுமாறு பணித்தபோது கலங்கினார். சிறைத்தனிமையும் சாவின் அச்சமும் வருத்த, தம் கொள்கைகளைத் துறப்பதாகக் கையொப்பமிட்டார்.

எனினும், தண்டனை நீங்கவில்லை. 1556 மார்ச் 21 அன்று, ஆக்ஸ்போர்டு தேவாலயத்தில் மக்கள்முன் தம் மறுப்பை அவர் மீண்டும் உரைப்பார் என அனைவரும் எதிர்பார்த்தனர். அவரோ அக்கையொப்பங்கள் உயிரச்சத்தால் இட்டவை எனக் கூறி, அவற்றை விலக்கினார். உடனே எரிகம்பத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். தீ மூண்டதும், கையொப்பமிட்ட வலக்கையை முதலில் அதனுள் நீட்டினார்.

இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஆன் போலினின் மகள் எலிசபெத் அரசியானார். 1559இல் கிரான்மரின் மன்றாட்டு நூல் சில மாற்றங்களுடன் மீண்டும் தேவாலயங்களுக்குத் திரும்பியது. அரசரின் மணவழக்கில் தொடங்கிய பிரிவு, மக்களின் மொழியில் நிலைபெற்றது. பணிந்தே வாழ்ந்த கிரான்மர், இறுதியில் தம் மனச்சான்றுக்குப் பணிந்தார்.