கதிரவனைப் பணிகொண்ட ஆசிரியர்

மன்னுயிர்க்கெல்லாம் ஒளியும் வெப்பமும் வழங்குபவன் கதிரவன். பயிரை வளர்ப்பதும், கடல்நீரை முகிலாக்கி மழையாகப் பொழிவிப்பதும் அவன் ஆற்றலே. அவ்வாற்றலைக் கொண்டு இயந்திரத்தையும் இயக்கலாம் எனச் செய்து காட்டிய முன்னோடி, அகுஸ்டின் மூஷோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவார்.

மூஷோ 1825-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் செமூர் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளர். எளிய குடியில் பிறந்த மூஷோ கல்வியையே செல்வமாகக் கொண்டார். கணிதத்தில் பட்டம் பெற்றுப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் ஐரோப்பாவின் ஆலைகளும் புகைவண்டிகளும் நிலக்கரியால் இயங்கின. எங்கும் புகைபோக்கிகள் எழுவதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். மூஷோவோ, எடுக்க எடுக்கக் குறையும் அக்கரி ஒருநாள் தீர்ந்துபோகுமே என்று கவலையுற்றார். என்றும் குறையாத கதிரவன் வெப்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என உறுதிபூண்டு, 1860-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

கண்ணாடி, ஒளியை எளிதில் உள்ளே விடும். உள்ளே உண்டான வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. சோசூர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1767-இல் கண்ணாடி பதித்த பெட்டியைக் கொண்டு இவ்வுண்மையைச் சோதித்திருந்தார். மூஷோ அதனோடு ஒளியைக் குவிக்கும் ஆடியையும் இணைத்தார். கரிய நிறம் பூசிய கொதிகலனைக் கண்ணாடி உறையால் மூடினார். அதனைச் சுற்றி, வெள்ளி முலாம் பூசிய ஆடியைப் புனல் வடிவில் அமைத்தார். ஆடியில் பட்ட கதிர்கள் கொதிகலன்மேல் குவிந்தன. நீர் கொதித்து ஆவியாயிற்று. ஆவி இயந்திரத்தை இயக்கிற்று.

தம் பொறியை 1866-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குக் காட்டினார். கதிரவன் வெப்பத்தின் தொழிற்பயன்களை விளக்கி 1869-இல் நூல் ஒன்றும் வெளியிட்டார். 1870-இல் மூண்ட போரில், பாரிசு நகர் முற்றுகையிடப்பட்டபோது அவருடைய பொறி காணாமற்போயிற்று. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். மேலும் பெரிய பொறிகளைச் செய்தார். 1877-இல் வெயில் மிகுந்த அல்ஜீரியா நாட்டுக்குச் சென்று தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

1878-ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் மூஷோ ஓர் அரிய செயலை நிகழ்த்தினார். கதிரவன் வெப்பத்தால் இயங்கும் பொறியைக் கொண்டு நீரைப் பனிக்கட்டியாக உறையச் செய்தார். சுடும் வெயிலே குளிர்ந்த கட்டியைத் தந்தது கண்டு மக்கள் வியந்தனர். அவருக்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்டது.

ஆயினும் புகழ் நிலைக்கவில்லை. புகைவண்டிப் பாதைகள் பெருகியதாலும், இங்கிலாந்தோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கையாலும் நிலக்கரி மலிவாகக் கிடைத்தது. மூஷோவின் பொறிகளைச் சோதித்த குழுவினர், அவற்றால் ஆகும் செலவு மிகுதி என்று முடிவு கூறினர். அரசின் உதவி நின்றது. மூஷோ மீண்டும் கணித ஆராய்ச்சியில் ஈடுபட்டார். வறுமையில் வாடிய அவர், 1912-இல் தம் எண்பத்தேழாம் அகவையில் பாரிசில் காலமானார்.

மூஷோவின் பொறி தோற்றது, அதன் கொள்கை பிழையானதால் அன்று. கரியின் விலை குறைந்ததால்தான். விலை காலத்திற்கேற்ப மாறும், உண்மை மாறாது. அவர் ஆராய்ச்சி செய்த அல்ஜீரியாவிலேயே 2011-ஆம் ஆண்டில், இயற்கை வாயுவோடு ஆடிகளால் குவித்த கதிரவன் வெப்பத்தையும் கொண்டு மின்சாரம் ஆக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இன்று பல நாடுகள் ஆடிகளால் வெயிலைத் திரட்டி மின்சாரம் ஆக்குகின்றன.

மண்ணுக்குள் இயற்கை பல கோடி ஆண்டுகள் சேர்த்து வைத்த செல்வத்தைச் சில தலைமுறைகளில் செலவழித்தல் அறிவுடைமை ஆகாது. இருப்பதைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும், குறையாததைத் தேடிக்கொள்வதும் பின்வரும் தலைமுறையினர்க்கு நாம் ஆற்றவேண்டிய கடமையாகும். மலிவு ஒன்றையே கருதாமல் வருங்காலத்தையும் எண்ணி உழைத்த மூஷோவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.