ஒளியோடு ஒளி சேர்ந்தால் இருளா? தாமஸ் யங் கண்ட உண்மை

சோப்புக் குமிழியில் ஓடும் வண்ணங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் ரசித்துப் பார்க்கிறார்கள். நிறமில்லாத சோப்பு நீருக்கு அந்த வண்ணங்கள் எப்படி வந்தன? இதற்குத் தெளிவான விடை சொன்னவர் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

1773-ல் இங்கிலாந்தின் மில்வெர்டன் என்ற ஊரில், பத்துப் பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் யங். இரண்டு வயதிலேயே சரளமாக வாசித்தார். பதின்ம வயதிற்குள் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மொழிகளோடு நம் மதரஸா மாணவர்கள் ஓதும் அரபியையும், பாரசீகத்தையும் கற்கத் தொடங்கிவிட்டார். பிறகு மருத்துவம் படித்து லண்டனில் தொழில் செய்தார்.

ஒளி என்பது நுண்துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் சொல்லியிருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அதை மறுக்கப் பலர் துணியவில்லை. ஒளி ஓர் அலை என்று 1801-ல் யங் ராயல் சொசைட்டியில் வாதிட்டார். இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றுசேர்ந்தால் வெளிச்சம் கூடும். ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்தால் இருள் உண்டாகும் என்றார். குமிழியின் வண்ணங்களுக்கும் இதுவே காரணம். அதன் மெல்லிய படலத்தின் முன்புறமும் பின்புறமும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கிறது.

ஹென்றி புரூம் என்பவர் 1803-ல் ஒரு பிரபல இதழில் யங்கைக் கடுமையாக ஏளனம் செய்தார். அந்த ஆண்டு நவம்பரில் யங் எளிய சோதனை ஒன்றை அவையில் விவரித்தார். ஜன்னல் கதவின் துவாரத்தைத் தடித்த காகிதத்தால் மூடி, அதில் ஊசியால் துளையிட்டார். உள்ளே வந்த சூரியக் கதிரின் நடுவே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். அதன் நிழலுக்குள் வெளிச்சக் கோடுகளும் இருண்ட கோடுகளும் மாறி மாறித் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் அந்தக் கோடுகள் மறைந்தன. இரு பக்க ஒளியும் கலந்ததால்தான் அவை உண்டாயின என்பது உறுதியானது.

ஏளனத்திற்குப் பதிலாக 1804-ல் அவர் வெளியிட்ட சிறுநூல் ஒரே ஒரு பிரதிதான் விற்றதாம். ஆனாலும் அவர் தம் கருத்தை விடவில்லை. பிரான்சில் பிரெனெல் என்ற பொறியாளர் அலைக் கொள்கையைக் கணிதத்தால் நிறுவி, 1819-ல் அறிவியல் கழகத்தின் பரிசை வென்றார். 1829-ல் தம் 55-ஆம் வயதில் மறைவதற்கு முன்பே, யங் தம் கருத்து வேரூன்றியதைக் கண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நியூட்டனின் முடிவை மறுத்த யங், ஒளி அலைகளின் நீளத்தைக் கணக்கிட நியூட்டனின் அளவீடுகளையே பயன்படுத்தினார். பெரியோரை மதிப்பதும், அவர்கள் சொன்னதை ஆராய்ந்து பார்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இன்றிரவு பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நெருக்கமாக நெய்த மெல்லிய துப்பட்டாவைக் கண்ணருகே பிடித்து, தூரத்துத் தெருவிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விளக்கு பல ஒளிப்புள்ளிகளாக, ஓரங்களில் வண்ணத்தோடு தெரியும். நூலிடை வழியே வந்த ஒளி அலைகள் கலப்பதே இதற்குக் காரணம். சூரியனையோ லேசர் ஒளியையோ மட்டும் ஒருபோதும் இப்படிப் பார்க்க விடாதீர்கள்.