பொறாமைத் தீயில் எரியாத புகழ்

ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்களில் ஒருவர் திறமையை மற்றொருவர் மட்டம் தட்டுவது புதிதல்ல. இந்தத் தொல்லை அரசவையிலும் இருந்தது. அதற்கு ஆளானவர், திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர்.

இவர் 15-வது நூற்றாண்டைச் சேர்ந்தவர். வாழ்ந்த ஊர் திருவண்ணாமலை. இவர் வரலாற்றில் பெரும்பகுதி கர்ண பரம்பரைக் கதைதான். ஆனாலும் அந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

பழைய கறை

அருணகிரியார் இளமையில் மனம் போன போக்கில் திரிந்தார். சொத்தை அழித்தார். நோயில் விழுந்தார். வாழ்க்கை வெறுத்து, கோவிலில் உள்ள வல்லாள மகாராஜன் கோபுரத்தில் ஏறிக் கீழே குதித்தார். முருகன் அவரைத் தாங்கிக்கொண்டு, பாடும்படி பணித்தான் என்பது கதை.

அதன்பின் அவர் வாயிலிருந்து சந்தப் பாடல்கள் பிறந்தன. குறிலும் நெடிலும் தாளத்துக்குத் தக்கபடி அடுக்கி வரும் பாடல்கள் அவை. படிக்கும்போதே மத்தளம் ஒலிப்பது போல் இருக்கும்.

மன்னன் பிரபுடதேவராயன் அவரைப் போற்றினான். அங்கேதான் வம்பு முளைத்தது.

தூணில் தோன்றினான்

அந்த மன்னனுடைய ஆஸ்தானத்தில் சம்பந்தாண்டான் என்ற பண்டிதன் இருந்தான். தேவி உபாசகன். நேற்று வரை ஊர் சிரிக்கத் திரிந்தவனுக்கு இன்று இத்தனை மரியாதையா என்று அவன் உள்ளம் கொதித்தது.

அவன் மன்னனிடம் ஒரு பந்தயம் வைத்தான். தான் தேவியை வரவழைப்பதாகவும், அருணகிரி முருகனை வரவழைக்கட்டும் என்றும் சொன்னான். தோற்றவர் ஊரை விட்டே போகவேண்டும்.

அவன் அழைத்தான், தேவி வரவில்லை. அருணகிரியார் வாதாடவில்லை, பழைய கதை பேசியவனுக்குப் பதிலும் சொல்லவில்லை. பாடினார். தூணில் முருகன் காட்சி கொடுத்தான். கோவிலில் ராஜகோபுரத்தைக் கடந்ததும் உள்ள கம்பத்து இளையனார் சன்னதி அந்த இடம் என்பார்கள்.

காதை அறுக்கவில்லை

மற்றொரு புலவர் வில்லிபுத்தூரார். வாதில் தோற்றவர்களின் காதை அறுப்பது அவர் வழக்கமாம். அருணகிரியாரிடமும் வந்தார். அருணகிரியார் கந்தர் அந்தாதியைப் பாடப் பாட, வில்லிபுத்தூரார் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54-வது பாடல் முழுவதும் தகர வரிசை எழுத்துக்கள். அதற்குப் பொருள் சொல்ல முடியாமல் தோற்றார்.

இப்போது காதை அறுக்கும் உரிமை அருணகிரியாருக்கு. அவர் அறுக்கவில்லை. இனி யாரையும் இப்படி வதைக்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வில்லிபுத்தூரார்தான் தமிழில் பாரதம் பாடியவர். அதில் 4,300-க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன.

உடல் போயிற்று

சம்பந்தாண்டான் மட்டும் மாறவில்லை. மன்னனுக்குக் கண் பார்வை போனபோது, தேவலோகத்துப் பாரிஜாத மலர் வேண்டும் என்றும், அதை அருணகிரியால்தான் கொண்டுவர முடியும் என்றும் தூண்டிவிட்டான்.

அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் வைத்துவிட்டு, இறந்த கிளி ஒன்றின் உடலில் புகுந்து பறந்தார். அவர் திரும்புவதற்குள் சம்பந்தாண்டான் அந்த உடலை எரித்துவிட்டான்.

மலருடன் வந்த கிளிக்குத் திரும்பப் புக உடல் இல்லை. ஆனாலும் மலரைக் கொடுக்காமல் போகவில்லை. மன்னன் பார்வை பெற்றான். கிளி வடிவிலேயே கந்தர் அனுபூதியைப் பாடினார் என்று முடிகிறது கதை. கிளிக் கோபுரம் என்ற பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது.

பாட்டு நின்றது

அருணகிரியார் 16,000 திருப்புகழ் பாடினார் என்பார்கள். இன்று கிடைப்பவை 1,300-க்குச் சற்று மேல். ஏடுகளில் சிதறிக் கிடந்தவற்றை 19-வது நூற்றாண்டில் ஊர் ஊராகத் தேடி அச்சேற்றியவர், முன்சீப்பாக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார்.

மட்டம் தட்டியவனிடம் வாதாடிப் பொழுதை வீணாக்காமல் பாடினார். வென்றபோது, தோற்றவரை அவமானப்படுத்தவில்லை. உடலே போனபோதும் ஒப்புக்கொண்ட வேலையை முடித்தார்.

சம்பந்தாண்டானும் படித்தவன்தான். ஆனால் அவன் பெயரை ஊரார் இன்று சொல்வது, அருணகிரியார் கதையைச் சொல்லும்போதுதான்.